ஜன்னல் பக்கத்துச் சக்கரம்

"செத்துப்போன டிரைவர் தூங்கினாரா, முழிச்சிருந்தாரா? இதுதான் கேஸ். சாட்சி யாருன்னு பாத்தா ஒரு டயர்! கூண்டுல ஏத்தி எப்படி மேடம் சத்தியம் வாங்கறது?" என்றான் ரேடியோ.

மேடம் அந்த டயரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, விரலால் அதைச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள்.

ரேடியோ என்பது அவனுக்கு ஊர் வைத்த பெயர். வாயை மூடத் தெரியாதவன். அவனுடைய சொந்தப் பெயர் அவன் பெண்டாட்டிக்கே கோபம் வந்தால்தான் ஞாபகத்துக்கு வரும். மேடம் அதற்கு நேர் எதிர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்துப் பார்த்து இன்சூரன்ஸில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஒரு தையல்கடைக்கு மேல் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். நூறு வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவாள். அதுவும் பெரும்பாலும் "சும்மா இரு" என்பதாக இருக்கும்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால், விபத்து வண்டிகளைக் கொண்டுவந்து போடும் மைதானம் அது. நசுங்கின மோட்டார் சைக்கிள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து துருப்பிடித்துக் கிடந்தன. நடுவில் அந்த நீளமான டிரெய்லர் மட்டும், தனக்கும் இந்தக் கூட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் முழுசாக நின்றது. அதை இழுத்துப்போன முன்வண்டி மூலையில் கிடந்தது. ரேடியோ அதை ஒரே ஒரு தடவை பார்த்தான். ஓட்டுகிற ஆள் உட்காருகிற இடம் ஒரு தகர டப்பா அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

போன மழைக்காலத்தில், இறக்கத்து வளைவில் நடந்த விபத்து. ஈரச் சாலையில் டிரெய்லர் பின்பக்கமாகச் சுழன்று, பஸ் ஸ்டாப்பின் கூரையை வாரிக்கொண்டு போய், முன்வண்டியைப் பள்ளத்தில் தள்ளியது. டிரைவர் அங்கேயே போய்விட்டார். பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு டீச்சருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று. அரசாங்க வண்டிப் பரிசோதகர் வந்து பார்த்தார். பிரேக்கில் பழுதில்லை, ஏபிஎஸ்ஸில் பழுதில்லை, ஆகவே டிரைவர் கண்ணயர்ந்திருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார். ஊர் வாய்க்கு அந்த 'லாம்' எல்லாம் கணக்கில் இல்லை. தூங்கிவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டது.

டிரைவரின் மனைவி ஆபீஸுக்கு வந்தபோது அழவில்லை. அழுது முடித்த முகம்.

"அவர் திரும்பி வரப்போறதில்லைன்னு எனக்குத் தெரியும்மா. தூங்கலைன்னு மட்டும் யாராவது சொல்லிட்டாப் போதும். என் பொண்ணு அந்த டீச்சரோட கிளாஸ்லதான் படிக்கறா. டீச்சர் கட்டையை ஊனிக்கிட்டு வந்து பாடம் நடத்தறாங்க. திட்டல, ஒண்ணும் சொல்லல. ஆனா இவளை நிமிந்து பாக்கறதே இல்லையாம். பக்கத்துல ஒரு பிள்ளை உக்காரமாட்டேங்குது" என்றாள்.

கூட வந்தவன் டிரைவரின் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அண்ணனும் அண்ணியும் சோறு ஊட்டி வளர்த்தவன். அண்ணனே கொண்டுபோய் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் விட்டு ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். அங்கே அண்ணன் "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டதில் முதலாளி முதல் வெல்டர் வரை எல்லாருக்கும் அவன் தம்பிதான். அண்ணன் ஓட்டுகிற வண்டியில் அவன் வேறு யாரையும் கைவைக்க விட்டதில்லை. லாரிக் கம்பெனிக்காரன் டூப்ளிகேட் சாமான் வாங்கிப் போட்டு அண்ணனைக் கொன்றுவிட்டான் என்பது அவன் கட்சி. அதை நிரூபிக்கத்தான் இன்றைக்கு இரண்டு பாட்டரியையும் தன்னுடைய சோதனைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"இங்க பாருங்க" என்றாள் மேடம்.

இடப்பக்கத்து டயரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் ரப்பரின் வரிப் பள்ளங்கள் புதுசாகவே இருந்தன. மேடம் எழுந்து சுற்றிப் போய் வலப்பக்கத்து டயரைத் தடவினாள். அதில் அப்படி ஒன்றும் இல்லை.

"டயர் எல்லாம் ஒரே நாள்ல மாட்டினதா?"

"ஆமா மேடம். நான்தான் மாட்டினேன்."

"சுத்தற சக்கரம் ஒரே இடத்துல தேயாது. இடது சக்கரம் இறுகி நின்னுபோய், நின்னபடியே ரோட்டுல இழுபட்டிருக்கு. பிரேக்கை அந்த அழுத்து அழுத்தியிருக்கார்."

தம்பியின் கண் நிறைந்துவிட்டது. "அப்ப அண்ணன் முழிச்சிருந்தான்! தூங்கறவன் பிரேக் மிதிப்பானா?"

"அவசரப்படாதீங்க. தூங்கிட்டுத் திடுக்குனு முழிச்சு மிதிச்சான்னு சொல்லுவாங்க. என் கேள்வி வேற. சக்கரம் இப்படி இறுகி நிக்கக்கூடாதுன்னுதானே ஏபிஎஸ் வெச்சிருக்கு? அது இருந்தும் ஏன் நின்னுச்சு?"

"அந்த ஏபிஎஸ்ஸை எனக்கு ஒரு தடவை சொல்லுங்க தம்பி. என் மண்டைக்கு ஏறற மாதிரி" என்றான் ரேடியோ.

தம்பி தரையில் படுத்து, சக்கரத்தின் உள்பக்கத்தைக் காட்டினான். அச்சோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல் வளையம். பல்லை ஒட்டினாற்போல் விரல் பருமனுக்கு ஒரு சென்சார். சக்கரம் சுற்றச் சுற்ற அது பல்லை எண்ணி, ஒயர் வழியாக நடுவில் இருக்கும் ஒரு பெட்டிக்குச் சொல்லும். எண்ணிக்கை திடுமென்று நின்றால் சக்கரம் இறுகிவிட்டது என்று பெட்டிக்குப் புரியும். உடனே அந்தப் பக்கத்து வால்வைத் திறந்து பிரேக்கின் காற்றை ஒரு கணம் வெளியே விடும். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் மறுபடி பிடிக்கும். விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி வழுக்காது.

"புரிஞ்சுபோச்சு. சென்சார் ஒற்றன். நம்ம தொழில்காரன். பெட்டி மேடம் மாதிரி. தானா எதையும் பாக்காது, ஒற்றன் சொன்னதை வெச்சு உத்தரவு போடும். வால்வுக்காரன்தான் ஓடி ஓடி உழைக்கறவன். அவனுக்கும் சம்பளம் லேட்டாத்தான் வருமா?"

"சும்மா இரு" என்றாள் மேடம்.

தம்பி இரண்டு பாட்டரியையும் இணைத்து டிரெய்லரின் கேபிளில் மாட்டினான். பின்புற ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் எரிந்துவிட்டு, அணைந்தது. தம்பியின் முகமும் அதோடு அணைந்துபோயிற்று.

"என்ன தம்பி, அணைஞ்சா நல்லதா கெட்டதா?"

"நல்லதுதான் சார். பழுது இருந்தா எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அணைஞ்சிட்டா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்." அவன் அணைந்த விளக்கையே பார்த்தான். "எல்லாம் சரியா இருந்தா, அப்ப அண்ணன்தானே தப்பு?"

விளக்கை ஏமாற்றி அணைய வைக்கிற கில்லாடிகளும் உண்டு. மேடம் விளக்கின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது நேராகப் பெட்டிக்குத்தான் போயிற்று, நடுவில் திருட்டு வேலை எதுவும் இல்லை. பெட்டியின் முத்திரை உடையவில்லை. சென்சார், வளையம், வால்வு எல்லாமே அசல் சாமான். லாரிக் கம்பெனிக்காரன் எந்தக் கஞ்சத்தனமும் பண்ணவில்லை. தம்பி பாவம், இத்தனை நாளும் நெஞ்சுக்குள் வைத்துத் திட்டித் தீர்த்த எதிரியை இழந்துவிட்டு நின்றான்.

"எல்லாரும் நல்லவங்களா இருக்கற கேஸ்தான் மேடம் இருக்கறதுலயே மோசம்" என்று ரேடியோ முணுமுணுத்தான். அதைக் கிண்டலாகத்தான் சொன்னான். பிற்பாடு அதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இந்த வண்டியில கடைசியா என்ன வேலை பண்ணினீங்க?" என்று மேடம் கேட்டாள்.

"சென்சார் கேபிள் ரெண்டையும் புதுசா மாத்தினேன். கல்லு அடிச்சுத் தோல் உரிஞ்சிருந்துச்சு. விபத்துக்கு முந்தின வாரம்."

"எங்க வெச்சு மாத்தினீங்களோ, அங்க போகலாம்."

ஒர்க்‌ஷாப் ஒரு நீளமான தகரக் கொட்டகை. தெருப்பக்கம் ஒரு வாசல், பின்பக்கம் ஒரு வாசல். நடுவில் ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கும் பள்ளம். லாரிகள் தெரு வாசலில் நுழைந்து, பள்ளத்தின் மேல் நின்று, வேலை முடிந்ததும் அப்படியே பின்வாசல் வழியாக வெளியே போய்விடும். திருப்ப இடம் கிடையாது. ஒரு பக்கச் சுவரில் வரிசையாக ஜன்னல்கள். எதிர்ச் சுவரோரம் ஒரு பழைய காற்று கம்ப்ரசர், இருமல்காரன் மாதிரி அதிர்ந்துகொண்டே இருந்தது.

"ஜன்னல் பக்கம் லூஸ் பண்ணு!" என்று பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"பண்ணிட்டேன்!"

"இப்ப கம்ப்ரசர் பக்கம் தட்டு. மெதுவா!"

"என்னய்யா இது, லாரிக்கு ஜன்னல் பக்கமா? டிக்கெட் எடுத்தாத்தான் தருவாங்களா?" என்றான் ரேடியோ.

தம்பி லேசாகச் சிரித்தான். "இங்க யாரும் இடது வலதுன்னு சொல்லமாட்டோம் சார். கீழ ஒருத்தன் மல்லாந்து படுத்திருப்பான், மேல ஒருத்தன் குனிஞ்சு நிப்பான். அவனுக்கு இடது இவனுக்கு வலது. ஒரு தடவை தப்பா அடிச்சு ஒருத்தன் விரலே போயிருக்கும். அதுலேருந்து ஜன்னல் பக்கம், கம்ப்ரசர் பக்கம்தான். யாருக்கும் குழப்பம் வராது."

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தம்பியின் தோளில் கைபோட்டார். "இவன் கைவெச்ச வண்டியில தப்பே இருக்காதும்மா. பரிசோதகர் வந்து கேட்டப்பவும் அதைத்தான் சொன்னேன். வண்டியைப் பாத்தது தம்பி, வண்டி மேல தப்பு சொல்லாதீங்கன்னேன்."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். ரேடியோவுக்குச் சுருக்கென்றது. தம்பியின் கைக்குக் கொடுத்த நற்சான்றுதான் அண்ணனுக்குக் கழுத்துக் கயிறாகிப் போயிருக்கிறது. வண்டி மேல் தப்பில்லை என்றால் மிச்சம் யார்?

"கேபிள் மாத்தினதை அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றாள் மேடம்.

பள்ளத்தின் மேல் வேறொரு டிரெய்லர் நின்றிருந்தது. தம்பி கீழே இறங்கினான். "பெட்டியில ரெண்டு சாக்கெட் மேடம். மேல இருக்கறது இடது சக்கரத்துக்கு, கீழ இருக்கறது வலது சக்கரத்துக்கு. கேபிள் ரெண்டும் பாக்க ஒரே மாதிரி. அதனால முதல்லயே ஜன்னல் பக்கத்துக் கேபிளுக்கு மஞ்சள் டேப் சுத்திடுவேன். மஞ்சள் மேல. சும்மா இருக்கறது கீழ. கண்ணை மூடிக்கிட்டே மாட்டிடுவேன். அப்புறம் பாட்டரி குடுப்பேன். விளக்கு எரிஞ்சு அணைஞ்சா வேலை முடிஞ்சுது."

ரேடியோ எட்டிப் பார்த்தான். வண்டி பின்வாசலைப் பார்த்து நின்றது. அதன் இடப்பக்கம்தான் ஜன்னல். ஜன்னலுக்கு மஞ்சள், மஞ்சளுக்கு மேல் சாக்கெட், மேல் சாக்கெட் இடது. கணக்கு கச்சிதமாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

மேடம் பின்வாசல் வரை நடந்தாள். அங்கே இரும்புத் தூணுக்குப் புது நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆனால் தோள் உயரத்தில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்காமல் விட்டு, வெறும் இரும்பில் ஒரு கீறல் தெரிந்தது.

"பெயின்டருக்கு அந்த இடத்துல தூக்கம் வந்திருச்சு போல" என்று ரேடியோ சொல்லி, சொன்ன பிறகு உதட்டை மடித்துக்கொண்டான். தூக்கம் என்ற சொல்லை இந்தக் குடும்பத்தின் முன்னால் விடலாமா?

தம்பி அதைக் கவனிக்கவில்லை. கீறலின் பக்கத்தில் போய் நின்று, குழந்தை கன்னத்தைத் தொடுவதுபோல் அதைத் தொட்டான்.

"நான்தான் பெயின்ட் அடிக்க வேண்டாம்னு சொன்னேன் சார். இது அண்ணன் போட்ட கோடு. அன்னைக்குத் தெருவுல குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தாங்க. முன்னாடி வர வழியில்ல. அண்ணன் சுத்திக்கிட்டுப் பின்வாசல் வழியா உள்ள வந்தான். பழக்கமில்லாத வாசல் இல்லையா, ஓரத்தை இடிச்சிட்டான். 'இத்தனை பெரிய வண்டியை மலை மலையா ஏத்தி இறக்கற, நம்ம வாசல் தெரியலையா'ன்னு கத்தினேன். 'நான் ஒழுங்காத்தான் வந்தேன், வாசல்தான்டா குறுக்க வந்துச்சு'ன்னு சிரிச்சான். அதான் நான் பாத்த கடைசிச் சிரிப்பு. தினமும் காலையில வந்ததும் இதைத் தொட்டுட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பேன்."

ரேடியோ மேடத்தைப் பார்த்தான். அவள் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. எதையாவது பார்க்கப் பிடிக்காதபோது மட்டும் அவள் அப்படிச் செய்வாள். இத்தனை வருஷத்தில் ரேடியோ அதை மிகக் கொஞ்சம் தடவைதான் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவரின் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியவில்லை.

"கேபிள் மாத்தினது அன்னைக்குத்தானா தம்பி?" என்று கண்ணாடி இல்லாமலே கேட்டாள்.

"அன்னைக்கேதான் மேடம்."

"சோதனைப் பெட்டியை எடுத்துக்குங்க. மறுபடி மைதானத்துக்குப் போகணும்."

காரில் ரேடியோ வாயைத் திறந்தான்.

"பேசாம வா" என்றாள் மேடம். வழக்கமான 'சும்மா இரு' இல்லை அது. கெஞ்சுவதுபோல் இருந்தது.

மைதானத்தில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பக்கத்து லாரியிலிருந்து காற்றுக் குழாயை இழுத்து மாட்டி, பிரேக்கை விடுவித்தார்கள். இரண்டு பக்கமும் ஜாக்கி கொடுத்துச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கினார்கள். தம்பி டிரெய்லரின் பின்னால், சக்கரங்கள் தெரியாத இடத்தில் சோதனைப் பெட்டியோடு உட்கார்ந்தான். சின்னத் திரையில் இடது, வலது என்று இரண்டு கட்டம், இரண்டிலும் பூஜ்யம்.

"ரேடியோ, இடது சக்கரத்தைச் சுத்து."

ரேடியோ தோளைக் கொடுத்துச் சுற்றினான். கனத்த சக்கரம் முனகிக்கொண்டு சுழன்றது.

"சுத்துங்க சார்" என்றான் தம்பி.

"சுத்திக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"அது வலது சார். இடதைச் சுத்துங்க."

"நான் இடதுலதான்யா இருக்கேன். வண்டி முன்னாடி பாக்குது, நானும் முன்னாடி பாக்கறேன், என் சோத்துக்கை வண்டியில இடிக்குது. இது இடது இல்லாம வேற என்ன?"

"தம்பி?" என்று ரேடியோ குரல் கொடுத்தான்.

பிறகு சக்கரத்தை விட்டுவிட்டுப் பின்னால் போனான். தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வலது என்ற கட்டத்தில் இருந்த எண், சக்கரம் ஓயும் வேகத்தில் ஒவ்வொன்றாகக் குறைந்து பூஜ்யத்துக்கு வந்து நின்றது. இடது என்ற கட்டம் அசையவே இல்லை.

தம்பி எழுந்து, டிரெய்லரின் அடியில் ஊர்ந்து போனான். பெட்டியின் மேல் சாக்கெட்டில் மஞ்சள் டேப் சுற்றின கேபிள் இருந்தது. அதைக் கையால் பிடித்துக்கொண்டே போனான். அது வலப்பக்கத்துச் சக்கரத்தில் போய் முடிந்தது. அந்தச் சென்சாரைப் பிடித்தபடி அப்படியே முகம் கவிழ்ந்து படுத்துவிட்டான்.

ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு வண்டி பின்வாசல் வழியாக நுழைந்து தெருவைப் பார்த்து நின்றிருக்கிறது. ஜன்னல் இருந்த இடத்தில்தான் இருந்தது. வண்டிதான் திரும்பியிருந்தது. ஜன்னல் பக்கம் என்றால் இடது என்று ஊறிப்போன கை, அன்றைக்கும் ஜன்னல் பக்கத்துக்கே மஞ்சளைச் சுற்றியிருக்கிறது.

"விளக்கு அணைஞ்சதே மேடம்" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நான் பாத்தேனே. விளக்கு அணைஞ்சதே."

மேடம் தரையில் உட்கார்ந்தாள். "ரெண்டு சென்சாரும் பேசுதான்னு மட்டும்தான் தம்பி விளக்கு பாக்கும். எது எந்தப் பக்கத்துக் குரல்னு அதுக்குத் தெரியாது. காஞ்ச ரோட்டுல சக்கரம் இறுகற நிலைமை லேசுல வராது. அதனால அந்த வாரம் முழுக்க ஒண்ணும் தெரியல. மழை வந்த அன்னைக்கு இடது சக்கரம் இறுகுச்சு. பெட்டி வலதுன்னு நினைச்சு வலது பிரேக்கை விட்டுச்சு. இடது பிரேக் கடைசி வரைக்கும் விடவே இல்ல. வண்டி சுழண்டுபோச்சு." கொஞ்சம் நிறுத்தி, "உங்க அண்ணன் தூங்கல. டயர் அந்த அளவுக்குத் தேயணும்னா வளைவுக்கு ரொம்ப முன்னாடியே மிதிச்சிருக்கணும், திடுக்குனு முழிச்சவன் மிதி இல்ல அது. முழிச்சிருந்து, சரியான நேரத்துல, சரியாத்தான் மிதிச்சிருக்கார்" என்றாள்.

காலையில் இதே செய்திக்குத்தான் அவன் கண் நிறைந்தது. இப்போது அவன் போட்ட சத்தத்தில் ரேடியோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

ரேடியோ மேடத்தைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். "மேடம், சென்சார் பழுதுன்னு ஒரு வரி எழுதிட்டாப் போதாதா? அண்ணன் பேரும் மீளும், இவனும் பொழச்சுப்பான். யாருக்கு நஷ்டம்?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் தம்பி வெளியே வந்துவிட்டான். முகமெல்லாம் மண். "வேண்டாம் சார். என் கையில தப்பு வராதுன்னு சொல்லிச் சொல்லித்தான் எல்லாரும் அண்ணன் தலையில போட்டாங்க. நானும் அதை நம்பினேன். அண்ணிகிட்ட நானே சொல்றேன். ஆனா நீங்க கூட வாங்க."

மாடியில் இரண்டே அறை கொண்ட வீடு. அண்ணி மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று பேரின் முகத்தையும் பார்த்துக் கையை நிறுத்தினாள்.

"அண்ணன் தூங்கல அண்ணி" என்றான் தம்பி. "நல்லா முழிச்சிருந்தான். கடைசி வரைக்கும் பிரேக்லேருந்து காலை எடுக்கல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை மாதமும் அடைத்துக் கிடந்தது உடைத்துக்கொண்டு வந்தது. தம்பியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்டா. எனக்குத் தெரியும். நீதான்டா என் வயித்துல பால் வார்த்தே. இந்தக் கைதான்டா கண்டுபிடிச்சுது."

தம்பி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் பிடியில் இருந்தபடியே, மிச்சத்தையும் சொன்னான். கேபிளை, மஞ்சள் டேப்பை, பின்வாசலை. ஒன்றையும் குறைக்கவில்லை, தன்னைக் காப்பாற்ற ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்தன. துணி கருகும் வாசனை வந்தது. ரேடியோதான் ஓடிப்போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தான். வெள்ளைச் சட்டையின் தோளில் பழுப்பாக ஒரு அச்சு விழுந்திருந்தது.

அண்ணி அந்த அச்சை விரலால் ஒரு தடவை நீவினாள். பிறகு அவள் தம்பியைப் பார்க்காமல் மேடத்தைக் கேட்டாள். "இதை எழுதிக் குடுத்தா இவனுக்கு என்ன ஆகும்?"

"விசாரணை வரும். வேலை போகும். அதுக்கு மேல என்னன்னு எனக்குத் தெரியாது."

"எழுதலைன்னா?"

"உங்க வீட்டுக்காரர் தூங்கிப்போனவராவே இருப்பார்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து மகள் வந்தாள். பையைக் கழற்றாமலே நின்று, எல்லாரையும் பார்த்தாள். "சித்தப்பா ஏன் அழறாங்க?"

அண்ணி எழுந்தாள். கருகின சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். இன்னொரு சட்டையை எடுத்து மேஜையில் விரித்தாள்.

"நாளைக்கு உன்னைச் சித்தப்பாதான் ஸ்கூல்ல கொண்டு விடுவாங்க" என்று மகளிடம் சொன்னாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். "அந்த டீச்சர் முன்னாடி போய் நின்னு, இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு. பிள்ளைங்க முன்னாடி சொல்லு. நான் சொன்னா புருஷனுக்காகப் பேசறேன்னுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க. அவங்க கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டு, அதுக்கப்புறம் போலீஸுக்கும் சொல்லு."

"சரி அண்ணி."

"என்னால இப்போதைக்கு உன் முகத்தைப் பாக்க முடியல. எப்ப முடியும்னும் தெரியல." இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஆனா சொல்லி முடிச்சதும், அவங்க விட்டதும், நேரா வீட்டுக்கு வா. மனசு கெட்டு வேற எங்கயும் போயிடாதே. எத்தனை நேரமானாலும் வாசல்ல நின்னுக்கிட்டிருப்பேன். உங்க அண்ணனும் அன்னைக்கு நேரா வீட்டுக்குத்தான் வர்றேன்னு சொல்லிட்டுப் போனார்."

தம்பி தலையைக் குனிந்தபடி மறுபடி "சரி அண்ணி" என்றான். மகள் பையோடு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேடமும் ரேடியோவும் சத்தமில்லாமல் படியிறங்கினார்கள். காரில் ஏறி வெகுதூரம் வந்த பிறகு மேடம், "ஏதாவது பேசேன் ரேடியோ" என்றாள். அவன் இரண்டு தடவை வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.